துக்கமானியில் ஒரு கறிபஃப்

சனிக்கிழமையானால் சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டின் ஒரு மாடிப்படியில் தொடங்கும் வரிசை தெருவரை நிற்கும். பிடோக், பூன் லே என்று எங்கெங்கிருந்தோ வந்த படித்தவர்கள். கையில் ஆளுக்கொரு காகிதப் பொட்டலம். உள்ளே கடித்து மிச்சம் வைத்த பண்டம். பிரிக்கக் கூடாது. பிரித்தால் துக்கம் ஆவியாகிவிடுமாம். மேலே மாஸ்டர் மாசிலாமணி அதன்மேல் ‘துக்கமானி’ என்ற பித்தளைக் குண்டை நூலில் தொங்கவிடுவார். அது ஆடும் ஆட்டத்தைப் பார்த்து, பசியில் தின்றதா, துக்கத்தில் தின்றதா என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை துக்கம் எனக் கணக்குச் சொல்வார்.

நானும் நின்றேன். எனக்குச் சர்க்கரை நோய்; மனம் சரியில்லையென்றால் கை தானாகத் தட்டுக்குப் போகும். கேம்பல் லேனில் சேலைக்கடை. கண்ணைப் பார்த்தே விலை சொல்லும் பரம்பரை. என்னை ஏமாற்ற இனி ஒருவன் பிறந்து வரவேண்டும். மாசிலாமணி ஏற்கெனவே பிறந்திருந்தார்.

"எண்பது. உங்களுக்கு இருக்கிறது சர்க்கரை இல்ல, துக்கம். மாத்திரைய நிறுத்திட்டு இந்தச் செம்புக் காப்பைப் போடுங்க."

"எண்பது ரொம்ப ஜாஸ்தி மாஸ்டர். அறுபது போடுங்க."

குண்டு சற்று யோசித்தது. "சரி, நம்ம ஆளு. அறுபத்தஞ்சு."

வெற்றிச் செய்தியை மனைவி சுசீலாவிடம் சொன்னேன்.

"எடை மெஷின்கிட்ட பேரம் பேசினா எடை குறையுமா?" என்றாள்.

செம்புக் காப்பை மாட்டிக்கொண்டேன். அதனால் மாத்திரையை நிறுத்தினேன். அந்த வாரமே கடையில் மயங்கி, விரித்த பட்டின்மேல் விழுந்தேன். வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்டார்.

மறு சனிக்கிழமை சுசீலா கூடவே வந்து பொட்டலத்தை நீட்டினாள். "இவரு அழுதுகிட்டே கடிச்ச கறிபஃப், மாஸ்டர்."

குண்டு சுழன்றது. "தொண்ணூத்தஞ்சு. சின்ன வயசுல அப்பா அடிச்ச துக்கம்மா, உள்ளயே உறைஞ்சு கிடக்கு."

எனக்குக் கண் கலங்கியது. அப்பா என்னை அடித்ததேயில்லை, இருந்தாலும் கலங்கியது.

சுசீலா பொட்டலத்தைப் பிரித்தாள். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற, காந்தம் வைத்த ரப்பர் கறிபஃப். மாஸ்டரின் இரும்பு அலமாரியில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இதோட அப்பா யாரு, மாஸ்டர்?"

படிக்கட்டே சிரித்தது. மாஸ்டர் நூலைச் சுருட்டினார். "இங்க நெகட்டிவ் எனர்ஜி ஜாஸ்தி. இன்னிக்கு முடியாது லா."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற வங்கி அதிகாரி ஸ்ரீநாத் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "என்னோடது அசல் வடைதான். ஒரு தடவை பாத்துடலாமா?"

திங்கட்கிழமை அரசு மருத்துவமனையான பாலிகிளினிக்கில் தாதி கேட்டார்: "மனசு சரியில்லாதப்ப சாப்பிடுவீங்களா, அங்கிள்?"

"கடை ஓடாத அன்னிக்கு மட்டும்."

"அப்ப தினமும்னு எழுதுங்க," என்றாள் சுசீலா.

தாதி எழுதிக்கொண்டார். பேரத்துக்கு இடமே வைக்கவில்லை.

தலையை வாடகைக்கு விடுகிறவர்களே, அதற்கு முன் ஒரு நாளாவது அதில் நீங்களே குடியிருந்து பாருங்கள்.