ஏசி சிஸ்டரும் ஹாரன் இல்லாத காரும்

டெல்லி ஜூன் மாதத்தோடு ஒற்றை ஆளாக யுத்தம் நடத்தி, தோற்றதாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ஒரே மனுஷி எங்கள் கிட்வாய் நகர் ஏசி சிஸ்டர்தான்.

அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு சிஸ்டர், தனிக்கட்டை. கீழ்வீட்டில் அவர், மேல்வீட்டில் நானும் என் மனைவி கலாவும். அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. பெயின்ட் உரிந்து, பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. ஆனால் ஏசி போட்டால் மே மாதத்திலும் மூக்கு நுனி சில்லிடும்.

லோதி ரோட்டில் இருக்கும் என் ஆபீஸில் தினமும் அவர்தான் இறக்கிவிடுவார். ஓசிச் சவாரி என்று நினைக்காதீர்கள். வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் ஏசியைத் தொட்டால் கையில் அடி விழும். முதலில் கண்ணாடிகளை இறக்கி உள்ளே வெந்துகொண்டிருக்கும் காற்றைத் துரத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏசி. ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போகுமுன் கார் ஏசி ஃபில்டரைக் கழற்றி வாசல் சுவரில் நாலு சாத்து சாத்துவார். காலனியே அந்தச் சத்தத்தில்தான் விழிக்கும்.

ஜனவரிதான் கொடுமை. வெளியே பனிமூட்டம், நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். சிஸ்டர் சாவகாசமாக ஏசியைப் போடுவார்.

"சிஸ்டர், உயிர் போகுது!"

"ஒனக்க உயிரு போவாது. மாசக்கணக்கா ஓட்டாம போட்டா ஏசிக்க உயிருதான் போவும். பேசாம இரி, மக்கா."

ஒருமுறை ஏசி குளிரவில்லை. மெக்கானிக் ஒருவன் பானெட்டைத் திறந்த வேகத்திலேயே, "மேடம், கம்ப்ரெசர் கதம்! புதுசு போடணும்" என்றான்.

சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பையா, ஈசிஜி எடுக்காமலே இதயத்தை மாத்துற டாக்டரா நீ?" என்று இந்தியில் ஒரு பிடி பிடித்தார். வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து, முன்கிரில்லுக்குப் பின்னால் கண்டன்சரில் அப்பியிருந்த தூசியையும் வேப்பஞ்சருகையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஏசி மறுபடி சில்லிட்டது. அதை அவனிடம் காட்டுவதற்காகவே திரும்ப ஒருதரம் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போனார்.

கலாவுக்குப் பிரசவமாகி டிஸ்சார்ஜ் ஆன நாளும் ஒரு ஜூன் மத்தியானம்தான். கலா பச்சைக்குழந்தையோடு பின்சீட்டில். ஓடும்வரை கார் ஜில்லென்று இருந்தது. நடுவழியில் ஒரு லாரி மக்கர் செய்து சாலையே உறைந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஏசியிலிருந்து அனல். குழந்தை முகம் சிவந்து வீரிட்டது. கலா புடவைத் தலைப்பால் விசிறினாள்.

"சிஸ்டர், ஆட்டோ பிடிச்சுடலாமா?"

"ஆட்டோல ஏசி இருக்கா? சும்மா இரி! ஓடும்போ குளுருது, நிக்கும்போ கொதிக்குது. அப்போ கம்ப்ரெசரு நல்லாத்தான் இருக்கு. முன்னால கண்டன்சர் ஃபேனுதான் சுத்தல."

கொளுத்தும் வெயிலில் இறங்கி பானெட்டைத் திறந்தார். பின்னால் நூறு ஹாரன்கள். போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்து, "மேடம், காடி சைட் மே லகாவ்!" என்று வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கத்தினார்.

"அந்தர் சோட்டா பச்சா ஹை, பச்சப்பிள்ள. இதைப் பகடோ!" என்று பானெட்டை அவர் கையில் கொடுத்தார் சிஸ்டர். வார்டில் பழகிய அந்தக் குரலுக்கு இன்ஸ்பெக்டரே கட்டுப்படுவார். இவர் வெறும் கான்ஸ்டபிள். பிடித்துக்கொண்டு நின்றார்.

ஃபேனுக்குக் கரண்ட் அனுப்பும் தீப்பெட்டி அளவு ரிலேயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் அதே மாதிரி இருந்த இன்னொன்றைக் கழற்றி அங்கே செருகினார். ஃபேன் உறுமியது. உள்ளே மறுபடி குளிர்காற்று. குழந்தையின் அழுகை விம்மலாகி, விம்மல் கொட்டாவியானது. கலா அப்போதுதான் அழுதாள்.

சாலை நகர்ந்தது. முன்னால் ஆட்டோ ஒன்று குறுக்கே வர, சிஸ்டர் ஹாரனை அழுத்தினார். சத்தமே இல்லை.

"அந்த ரெண்டாவது ரிலே ஹாரனுக்குள்ளது" என்றார் அமைதியாக.

டெல்லியில் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டலாம். ஹாரன் இல்லாமல் முடியுமா? சிஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "ஹட்டோ பையா! லேய், தள்ளிப்போ! ஒனக்க காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? ஹட்டோ!" பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ள ஒனக்கதா, எனக்கதா? அந்தப் பக்கம் நீ கத்து!"

மத்திய அரசு ஊழியனான நான் முதலில் "எக்ஸ்கியூஸ் மீ" என்றுதான் ஆரம்பித்தேன். அடுத்த சிக்னலுக்குள் என் தொண்டையிலிருந்து வந்த "ஹட்டோ!"வுக்கு ஒரு பஸ்ஸே ஒதுங்கியது. வீடு வரை இரண்டு பேரும் கத்திக்கொண்டே வந்தோம். பின்சீட்டில் அம்மாவும் பிள்ளையும் நன்றாகத் தூங்கிவிட்டார்கள்.

சிஸ்டர் ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டார். டிவியில் டெல்லி வெயில் என்று சொன்னால் போதும், உடனே போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம், முதல் கேள்வி, "பிள்ளைக்கு வேர்க்குதா மக்கா?"

"இல்லை சிஸ்டர், பாப்பா நல்லா ஜில்லுன்னு இருக்கா" என்பேன். கரண்ட் இல்லாத நாளிலும் அப்படித்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் அவர் அடுத்த ரயிலில் ஏறிவிடுவார்.