மகள் விழாமல் இருக்க நான் வைச்ச நேர்த்தி

அண்டைக்குச் சனிக்கிழமை. எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. மகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போறது, அங்கத்தைக் குகைக் கோயில் புனிதை சாந்தா ரோசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறது, மத்தியானச் சமையலுக்கு வீட்டை வந்து சேருறது. அவ்வளவுதான்.

வேறை ஆரும் போயிருந்தா இதிலை சொல்ல ஒரு கதையும் இருந்திராது. போனது நான்.

தொண்ணூறுகளிலை நடந்தது. எங்கட இலங்கைத் தமிழ்ச் சனம் இத்தாலியிலை, பலெர்மோவிலை கொஞ்சங்கொஞ்சமாக் காலூண்டின நேரம். நான், சின்யோரா எண்டு கூப்பிடுற ஒரு இத்தாலிக்கார அம்மா வீட்டிலை வேலை. என்ர மனுசன் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை ஒரு மீன் சாப்பாட்டுக்கடைக் குசினியிலை. மகள் தர்சிக்குப் பன்னிரண்டு வயசு.

அவளின்ர பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை ஒரு பாஸ்கற்போல் குழு இருந்தது. அவை விளையாடேக்கை ஓரத்திலை நிண்டு ஆடிப்பாடி, ஆளுக்கு மேலை ஆள் ஏறி நிண்டு உற்சாகப்படுத்திறதுக்குப் பெட்டையள் கூட்டமொண்டு. சியர்லீடராம். அமெரிக்காக்காரர் செய்யிறதை ரீவியிலை பார்த்திட்டு இவையும் தொடங்கினவை.

எங்கட தர்சி ஈர்க்கில் மாதிரி. அதாலை அவளைத்தான் எல்லாருக்கும் மேலை, உச்சியிலை ஏத்திறதெண்டு முடிவெடுத்திட்டினம். ஞாயிற்றுக்கிழமை மாச். சனத்துக்கு முன்னாலை முதல்தரமா ஏறப்போறாள். அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளைக்குச் சாப்பாடும் இறங்கேல்லை, வாயும் மூடேல்லை.

எனக்கோ அவள் விழுந்திடுவாளோ எண்ட நினைப்புத்தான்.

பழக்கிற ரீச்சர் டானியேலா தாய்தேப்பன்மாரைக் கூப்பிட்டுக் கதைச்சவ. மேலையிருந்து விழுந்து இதுவரைக்கும் ஒருத்தருக்கும் அடிபடேல்லையாம். அடிபடுறதெல்லாம் வெளியிலைதானாம். ஒருத்தி சைக்கிளாலை விழுந்தவளாம். இன்னொருத்தி தம்பியோடை பந்தடிச்சுக் கையை முறிச்சவளாம். மாச் முடியும்மட்டும் பிள்ளையளை வீட்டிலை கவனமா வைச்சிருங்கோ எண்டு கெஞ்சாத குறையாச் சொன்னா.

சொல்லக்கூடாத ஆளிட்டைச் சொல்லிப்போட்டா!

சைக்கிளைப் பூட்டித் திறப்பை அரிசி வாளிக்குள்ளை தாட்டன். திருவலையிலை தேங்காய் திருவ விடேல்லை. மாடிப்படி இறங்கேக்கை அவளுக்கு முன்னாலை நான் இறங்கினன். பள்ளிக்கூடப் பையையும் நான்தான் தூக்கினன். மற்றப் பிள்ளையள் பார்த்துச் சிரிக்குதுகள் எண்டு அவள் என்னைத் தெரியாத மாதிரி முன்னுக்கு நடந்தாள்.

இவ்வளவு செய்தும் மனம் ஆறேல்லை. வெள்ளிக்கிழமை சின்யோராவின்ர புருசன்ர சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டு நிக்கேக்கை பட்டெண்டு நேர்ந்திட்டன். தாயே, என்ர பிள்ளை மேலையிருந்து விழக்கூடாது, நாளைக்கே அவளையும் கூட்டிக்கொண்டு வெறுங்காலோடை ஏறி வாறன் எண்டு.

இஞ்சை இருக்கிற எங்கட சனத்துக்கு இது விளங்கும். சைவமோ கிறிஸ்தவமோ, ஒரு கஷ்டம் எண்டா எல்லாரும் ஏறுறது அந்த மலைதான். நான் சைவம். எனக்கு அவ அம்மன்.

தர்சிக்குச் சொன்னன். பஸ்ஸிலை போவமே எண்டாள். நேர்த்தியை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போறதோ எண்டு கேட்டன். சப்பாத்தாவது போடுறன் எண்டாள். அதுக்கும் விடேல்லை.

"அம்மா, ரீச்சர் கவனமா இருக்கச் சொன்னவ."

"ரீச்சர் சைக்கிள் ஓட வேண்டாம், பந்தடிக்க வேண்டாம் எண்டுதான் சொன்னவ. கோயிலுக்குப் போகவேண்டாம் எண்டு சொன்னவவோ?"

பிள்ளை சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கப்பா எண்டு அவர் மெல்ல இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தன். மனுசன் எழும்பிப் பல்லுத் தீட்டப் போயிட்டார்.

விடிய ஏறத் தொடங்கினம். பழைய கல்லுப்பாதை. அவள் விறுவிறெண்டு ஏறினாள். எனக்கு முதல் வளைவிலையே மூச்சு வாங்கினது. அடுத்த வளைவிலை சின்யோரா வீட்டிலை தட்டிலை மிஞ்சினதெண்டு நான் திண்டு தீர்த்த கேக்கெல்லாம் ஞாபகம் வந்தது. சப்பாத்தும் ஊண்டுதடியுமா வந்த ஒரு கிழவர் எங்களைக் கடந்து போகேக்கை என்ர முகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்து, குகைக் கோயிலுக்குள்ளை மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டம். என்ன கேட்டனி எண்டு தர்சியைக் கேட்டன். மேலை நிக்கேக்கை கால் நடுங்கக்கூடாது எண்டு கேட்டவளாம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

திரும்பி இறங்கேக்கை, வந்த வேலை முடிஞ்ச சந்தோசத்திலை அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தன். மேலை ஏறி நிக்கேக்கை கீழை பார்க்காதை, நேரை பார் எண்டு. சொன்னதோடை விட்டனோ? எப்பிடி எண்டு காட்டவும் செய்தன். நேரை பார்த்துக்கொண்டு ஒரு உருட்டுக் கல்லிலை காலை வைச்சன்.

தர்சி எனக்கு முன்னாலை போனவள். சத்தம் கேட்டுத் திரும்பினாள். கை ரெண்டையும் விரிச்சாள், முழங்காலை மடிச்சாள், பயிற்சியிலை சொல்லிக் குடுத்தபடி அப்பிடியே என்னைத் தாங்கினாள். அவளுக்குச் சொல்லிக் குடுத்தது அவளைப்போலப் பெட்டையளைத் தாங்க. வந்தது நான்.

எனக்கு ஒரு கீறல் இல்லை. மெத்தையிலை விழுந்த மாதிரி இருந்தது. மெத்தைக்குத்தான் கால் பிரண்டு போச்சுது.

அவள் நோவெண்டு அழேல்லை. காலைப் பிடிச்சுக்கொண்டு, "நாளைக்கு மாச் அம்மா" எண்டாள். அந்த இடத்திலையே மலை பிளந்து என்னை விழுங்கினா நல்லாயிருக்கும் எண்டு இருந்தது.

அதே கிழவர்தான் இறங்கி வரேக்கை கைகுடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனா, வீங்கின காலைப் பார்த்த டொக்டர் விளையாட்டிலையோ எண்டு கேட்டார். இல்லை, கோயிலிலை எண்டன். எங்கையிருந்து விழுந்தவள் எண்டார். நான் வாய் திறக்க முதல் தர்சி இத்தாலியனிலை சொல்லிப்போட்டாள்.

"நான் விழேல்லை. மம்மாதான் என்னிலை விழுந்தவ."

டொக்டர் என்னை மேலையிருந்து கீழை வரைக்கும் ஒருக்காப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியும் கேக்கேல்லை. எலும்பு முறியேல்லையாம், ஆனா மூண்டு கிழமைக்குத் துள்ளக்கூடாதாம்.

பின்னேரம் ரீச்சரிட்டைப் போனம். சைக்கிளோ எண்டா. இல்லை. பந்தோ? இல்லை. நான் முழுக்கதையையும் என்ர அரைகுறை இத்தாலியனிலை சொல்லி முடிக்க, அவ சிரிச்சுச் சிரிச்சு பக்கத்து வாங்கிலை குந்திட்டா. சிரிப்பு முடிய, என்னை எப்பிடிப் பிடிச்சவள் எண்டு தர்சியிட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டா.

ஞாயிற்றுக்கிழமை வேறை பெட்டை உச்சியிலை ஏறினாள். தர்சி கட்டுப்போட்ட காலோடை இருந்து கை தட்டினாள். நான் பக்கத்திலை, கையை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் இருந்தன். இரவு வேலையாலை வந்த அவர், நேர்த்தி நல்லபடியா முடிஞ்சுதோ எண்டு கேட்டார். நானும் எழும்பிப் பல்லுத் தீட்டப் போனன்.

கால் சுகமாகித் தர்சி திரும்பப் பயிற்சிக்குப் போன அண்டைக்கு ரீச்சர் ஒரு முடிவு சொன்னா. உன்ர தாயையே தாங்கின ஆளை மேலை ஏத்தி வீணாக்கேலாது, இனி நீ கீழை நடுவிலை நிண்டு மற்றவையைத் தாங்கு எண்டு. மேலை நிக்க ஆசைப்பட்ட பிள்ளை. வீட்டை வந்து ரெண்டு நாள் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

மூண்டாம் நாள், சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுச் சொன்னாள். "அம்மா, இனி என்ர பேரிலை நேர்த்தி வைக்கேக்கை, என்னையும் ஒருக்காக் கேளுங்கோ."

ஓம் எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல? பிள்ளை மேலையிருந்து விழக்கூடாது எண்டு நான் கேட்டன், அந்த மலைத் தாய் அவளை மேலை ஏறவே விடேல்லை.