சத்தமில்லாத மோட்டாரும் செங்கமலத்தின் மூன்று குட்டிகளும்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. அன்று காலை அந்தத் திட்டில் மூன்று முயல்குட்டிகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. கல் கல்லாகத் தாவிப் போயிருந்தன. பிறகு மலையில் மழை பெய்தது, ஆற்றில் தண்ணீர் ஏறியது, தாவிப் போன கற்கள் எல்லாம் மூழ்கிவிட்டன.

தாய் முயல் செங்கமலம் கரையில் நின்று தவித்தது. அந்த வெள்ளத்தில் நீந்த முயலால் முடியாது. ஆனால் காட்டில் ஒரு படகு இருந்தது. காற்றடைத்த சின்ன ரப்பர் படகு, சுற்றுலா வந்த மனிதர்கள் விட்டுப்போனது. மனிதர்கள் வரும்போது எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள், திரும்பும்போது எதையும் எடுத்துப்போக மாட்டார்கள். அதனால் படகோடு இரண்டு மோட்டார்களும் கிடந்தன. ஒன்று பெட்ரோலில் ஓடுவது, மற்றது பேட்டரியில் ஓடுவது.

ஒரே ஒரு மோட்டார் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

செங்கமலம் படகுக் குழுத் தலைவரான மயிலிடம் ஓடியது.

"ஐயா, திட்டுல என் பிள்ளைங்க மாட்டிக்கிட்டாங்க. தண்ணி ஏறுது. படகை எடுங்க!"

"கண்டிப்பா எடுக்கணும்," என்றது மயில். "ஆனா எந்த மோட்டார்ல எடுக்கணும்? அவசரத்துல தப்பான முடிவு எடுத்துட்டா வருங்காலத் தலைமுறை நம்மள மன்னிக்குமா?"

"வருங்காலத் தலைமுறை அங்க திட்டுல நிக்குதுங்க!"

"உணர்ச்சிவசப்படாதம்மா," என்றது மயில். கூட்டத்தைக் கூட்டியது. மைக் செட் கட்டப்பட்டது. மைக் இல்லாமல் பேசினால் அது கூட்டம் இல்லையாம், வெறும் பேச்சாம்.

முதலில் நீர்நாய் எழுந்தது. பேட்டரி மோட்டாருக்கு அதுதான் நிபுணர்.

"நண்பர்களே! பேட்டரி மோட்டார்ல புகை இல்லை. சத்தம் இல்லை. கயிறு இழுக்க வேண்டாம், பொத்தானை அமுக்கினா போதும். பெட்ரோல் மாதிரி ஆத்துல எண்ணெய் சிந்தாது. மீன்கள் ஆரோக்கியமா இருக்கும்."

"நீ திங்கறதுக்குத்தானே?" என்று கத்தியது காட்டுப்பன்றி. அது பெட்ரோல் கட்சி.

"ஆரோக்கியமான உணவு எல்லாருடைய உரிமை," என்றது நீர்நாய்.

பன்றி மைக்கைப் பிடுங்கியது. "சரி, வெள்ளத்தை எதிர்த்துப் போனா உன் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"மெதுவா போனா நிறைய நேரம். வேகமா போனா கொஞ்ச நேரம்."

"இந்த வெள்ளம் உன்னை மெதுவா போக விடுமா? நடு ஆத்துல நின்னுட்டா நான் கேன்ல இருந்து பெட்ரோல் ஊத்திக்குவேன். நீ கரண்டை கேன்ல கொண்டு வருவியா?"

பலத்த கைதட்டல். நீர்நாய் அசரவில்லை. "உன் மோட்டார் எத்தனை தடவை கயிறு இழுத்தா கிளம்பும்?"

"அது மோட்டாரோட மனநிலையைப் பொறுத்தது," என்று பன்றி முனகியது.

இதற்கும் கைதட்டல். இரண்டு பக்கமும் தட்டியவை அதே கைகள்தான்.

திட்டில் தண்ணீர் குட்டிகளின் பாதத்தைத் தொட்டது.

செங்கமலம் நீர்நாயின் காலைப் பிடித்தது. "அக்கா, உங்களுக்குத்தான் அருமையா நீந்த வருமே? ஒவ்வொண்ணா முதுகுல தூக்கிட்டு வந்துடலாமே?"

"நீந்துவேன்மா, நல்லாவே நீந்துவேன். ஆனா இன்னிக்கு நான் நிபுணரா வந்திருக்கேன்."

"அப்ப துடுப்பு? படகுக்குள்ளேயே கிடக்குதே!"

மயில் முகத்தைச் சுளித்தது. "துடுப்பா? இந்தக் காலத்துலயா? பக்கத்துக் காட்டுக்காரன் பாத்தா என்ன நினைப்பான்?"

அடுத்து மான் மேடை ஏறியது. "எனக்கு ஒரு சந்தேகம். பேட்டரி மோட்டார்ல சத்தமே இல்லைங்கறீங்க. அதுதான் பிரச்சினை. பெட்ரோல் மோட்டார் ஓடினா பக்கத்து சீட்டுல யார் வயிறு உறுமினாலும் கேக்காது, நான் நிம்மதியா உக்காந்து வருவேன். இதுல எல்லாம் துல்லியமா கேக்குமே?"

எல்லாரும் சிறுத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது பசி இல்ல மேடம்," என்றது சிறுத்தை, புண்பட்ட குரலில். "கேஸ் ட்ரபிள். வேணும்னா டாக்டர் சீட்டு காட்டுறேன்."

இதை விவாதிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு மரத்தடிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் தண்ணீர் குட்டிகளின் வயிறு வரை வந்துவிட்டது. கடைசிக் குட்டி மற்ற இரண்டின் முதுகிலும் ஏறி நின்றது. கரையிலிருந்து பார்க்க அதன் காதுகள் மட்டும் ஆடின.

அப்போதுதான் மயில் தோகையை விரித்துத் தீர்ப்பைச் சொன்னது. "பேட்டரி மோட்டார்தான்! பெட்ரோல் மோட்டாருக்கு இந்த நிமிஷத்திலிருந்து தடை! படகை இற…"

மைக் செத்துப்போனது.

எல்லாரும் மைக்கின் வயரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வயர் மேடையிலிருந்து இறங்கி, புதரைச் சுற்றி, படகுக்குள் போய், மோட்டாரின் பேட்டரியில் முடிந்தது. பேட்டரியின் நன்மைகளைப் பேசிப் பேசியே பேட்டரியைத் தீர்த்திருந்தார்கள்.

"அப்ப பெட்ரோல் மோட்டாரை மாட்டுங்க!" என்று செங்கமலம் அலறியது.

"தடை போட்டாச்சே," என்றது மயில் வருத்தத்தோடு. "தடையை நீக்கணும்னா இன்னொரு கூட்டம் போடணும். கூட்டத்துக்கு மைக் வேணும்."

செங்கமலம் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தண்ணீர் ஓரத்துக்கு ஓடியது. அங்கே இரண்டு கண்கள் மேலே வந்தன. பிறகு மூக்கு வந்தது. பிறகு, வெகுநேரம் வந்துகொண்டே இருந்து, ஒரு வழியாக முழு முதலையும் வந்தது.

"சத்தம் நின்னுடுச்சேன்னு எட்டிப் பாத்தேன்," என்றது முதலை. "காலையில இருந்து தூங்கவே விடல. என்னடி விஷயம்?"

செங்கமலம் திட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னது. சொல்லிவிட்டு, "நீங்க என் பிள்ளைங்களைச் சாப்பிட்டுடுவீங்களாம்மா?" என்று நேராகவே கேட்டது. காலையிலிருந்து அந்தக் காட்டில் கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"மத்தியானம்தான் வயிறு முட்டத் தின்னேன். தொண்டை வரைக்கும் நிக்குது. ஏறு முதுகுல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் பசிக்காது. நாளன்னிக்குப் பசிக்கும். நாளன்னிக்கு என் பக்கம் வராத."

செங்கமலத்தை ஏற்றிக்கொண்டு முதலை திட்டுக்குப் போனது. மூன்று குட்டிகளையும் முதுகில் ஏற்றியது. ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கரையில் விட்டது. செங்கமலம் மூன்றையும் மாறி மாறி நக்கியது, அறைந்தது, மறுபடி நக்கியது.

குழு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தமே இல்லையே," என்றது நீர்நாய்.

"வெள்ளத்தை எதிர்த்து என்ன இழுவை!" என்றது பன்றி.

"காத்து இறங்குற பயமும் இல்ல," என்றது மயில். "முதலையம்மா, உங்களுக்கு சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?"

முதலை யோசித்தது. "ரெண்டு நாள் தாராளமா நிக்கும்."

இவ்வளவு பெரிய கைதட்டலை அந்தக் காடு கேட்டதே இல்லை. பழைய தீர்மானங்கள் எல்லாம் ரத்து. காட்டின் அதிகாரபூர்வப் படகு இனி முதலைதான். தொடக்க விழாவுக்கு நல்ல நாளும் பார்த்தார்கள். அது நாளை மறுநாளாக அமைந்தது. முதல் வரிசையில் பயனாளி செங்கமலமும் குட்டிகளும் உட்கார வேண்டும் என்று உத்தரவானது.

"ஐயா, நாளன்னிக்கு வேண்டாங்க. அன்னிக்குத்தான் அதுக்கு…"

"பயனாளியே குறை சொன்னா எப்படி?" என்று மயில் கோபித்துக்கொண்டது. "உனக்குப் பிள்ளைங்க கிடைச்சாச்சு. மத்தவங்க முன்னேறக் கூடாதா?"

அந்த நாளும் வந்தது. செங்கமலம் மட்டும் தனியாக வந்து கரையில் நின்றது.

"பிள்ளைங்க எங்க?" என்றது மயில்.

"வளைக்குள்ள விட்டு வாசலை மண்ணால அடைச்சுட்டு வந்தேன். நானும் ஏற மாட்டேன்."

"வளர்ச்சிக்கு விரோதி," என்று மான் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னது. சிறுத்தைக்கு அருகில் உட்கார மறுத்து, பாதுகாப்பான இடமாகப் பார்த்து முதலையின் தலைப்பக்கம் அமர்ந்தது. நீர்நாய் நிபுணர் இருக்கையில் உட்கார்ந்தது. பன்றி, தன் எதிர்ப்பைக் காட்ட, பெட்ரோல் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டது. மயில் தோகையை முழுதாக விரித்து நடுவில் நின்றது.

செங்கமலம் ஒரு காலை உயர்த்தியது. "ஒரு கேள்வி! முதலையம்மாவை எதுல சார்ஜ் போடுவீங்க?"

"கேள்வி எல்லாம் கடைசியில," என்றது மயில். "முதல்ல பயணம்."

பயணம் கிளம்பியது. சத்தம் இல்லை. புகை இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

முதலை கரைக்குத் திரும்பியபோது பயணிகளும் இல்லை.

நீதி: கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம் என்று தலைவர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், கரையிலேயே காத்திருங்கள். கடைசியில் கேள்வி இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். தலைவர்தான் இருக்க மாட்டார்.