ஸ்மார்ட் போர்ட்டுக்கு ஒரு மாலை

முக்கோணி கீறத்தான் கேதீஸ்வரன் சேர் விரலை வைத்தார். பலகை அவரைக் கேளாமலே மேல்மூலையிலிருந்து புழுப்போல நெளிந்த கோடொன்றை இழுத்துவிட்டது.

கனடாப் பழைய மாணவர் சங்கம் மருதனார்மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய ஸ்மார்ட் போர்ட்டில் அன்று முதல் பாடம். மயிலிட்டியில் கணித ஆசிரியர் இல்லாத பிள்ளைகள் சூமில் காத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் பார்த்தீபன் ரொறன்ரோவில் சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் பிடித்தால் கேதீஸ்வரனைக் கல்வி வலயத்தின் 'டிஜிற்றல் கணித ஆலோசகர்' ஆக்கச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். கேதீஸ்வரன் அந்தப் பட்டத்தோடு பெயரட்டையே அடித்துவிட்டார்.

காலையில் பள்ளிக்கூட அதிபர் நமசிவாயம் குத்துவிளக்கேற்றி, போர்ட்டின் நெற்றியில் சந்தனம் அப்பி, கழுத்து என்று தான் கருதிய இடத்தில் செவ்வரத்தம்பூ மாலை போட்டிருந்தார். அது தொட்டால் எழுதும் பலகை. தொடுவது விரலா செவ்வரத்தையா என்று பார்க்கிற புத்தி அதற்கு இல்லை. இந்தச் சின்ன விஷயம் மட்டும் இருவருக்கும் தெரியாது.

"சேர், உந்த நெளிஞ்ச கோட்டையும் கீறவோ?" மயிலிட்டியிலிருந்து வினோஜா கேட்டாள்.

"கீறுங்கோ பிள்ளை. அது துணைக்கோடு."

அவருக்கு வேர்த்தது. மின்விசிறியைக் கூட்டினார். மாலை ஆடியது. ஆட ஆடத் துணைக்கோடுகள் பெருகின.

"சேர், என்ரை கொப்பியிலை இனி இடமில்லை."

போர்ட்டை நிற்பாட்டித் திரும்பப் போட்டார். அது விழித்தபோது சீன மொழியில் விழித்தது. மொழி மாற்றுகிற பொத்தானுக்கு மேலேதான் சந்தனம் இருந்தது.

"கண்ணூறு, கேதீஸ்," என்று பக்கத்தில் நின்ற அதிபர் காதுக்குள் சொன்னார். "நான் காலமையே நினைச்சனான்." ஒரு தேசிக்காயை நூலில் கட்டித் தொங்கவிட்டார். தேசிக்காய் போய்ப் பட்டது திரையிலிருந்த அழிப்பான் பொத்தானில். கேதீஸ்வரன் எழுத எழுத, பலகை பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தது.

"மாலை கொஞ்சம் மறைக்குது சேர். கழட்டுவமோ?" என்று கேதீஸ்வரன் அதிபரைக் கேட்டார்.

"பார்த்தீபன்ரை பேரிலை போட்ட மாலை. அவர் பாத்துக்கொண்டிருக்கக் கழட்டிறதோ?"

ரொறன்ரோ செருமியது. "சேர், ஒண்டும் விளங்கேல்லையே?"

"ஒண்டுமில்லைத் தம்பி. போர்ட்டைக் கரும்பலகை மாதிரித் தெரியிற 'மோட்'டுக்கு மாத்திறன். கொஞ்சம் பொறுங்கோ." கமராவை அணைத்துவிட்டுப் பக்கத்து வகுப்புக்கு ஓடினார்.

அங்கே மார்கிரட் ரீச்சர். 'சோக்குப் பிடிக்கிறவை எல்லாம் கற்காலம்' என்று காலையில் அவரிடம் சொல்லித்தான் கேதீஸ்வரன் தன் சோக்குப் பெட்டியைக் குப்பைக்குள் போட்டிருந்தார்.

"ரீச்சர், ஒரு சோக்குத் துண்டு..."

"கற்காலத்துக்கு வந்திட்டியளோ சேர்? வாங்கோ வாங்கோ. ரெண்டு கலர் இருக்கு."

அதிபரும் கேதீஸ்வரனுமாகப் பழைய கரும்பலகையை இழுத்துவந்து போர்ட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். வேறொன்றும் தெரியாதபடி கமராவைத் திருப்பி மறுபடி போட்டார்கள்.

சோக்கைத் தொட்டதும் கை தன்பாட்டில் ஓடியது. செங்கோண முக்கோணி, மூன்று பக்கத்திலும் மூன்று சதுரம், ஒன்றுக்குள் மற்ற இரண்டின் பரப்பும் அடங்குகிற விதம். இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்த பாடம். கேதீஸ்வரன் ஆலோசகர் பதவியையும் மறந்துபோனார்.

"சேர், இப்ப விளங்குது," என்றாள் வினோஜா. "அப்ப அந்தத் துணைக்கோடெல்லாம்?"

"அழிச்சுவிடுங்கோ பிள்ளை."

பாடம் முடிந்தது. வெள்ளை படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். ரொறன்ரோவில் பார்த்தீபன் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். பிடிபட்டுவிட்டோம் என்று அதிபர் தேசிக்காயைப் பார்த்தார்.

பார்த்தீபன் மூக்கை உறிஞ்சினார்.

"சேர், முன்வாங்கிலை இருந்த மாதிரிக் கிடந்தது. சோக்குத்தூள் பறக்கிறதைக்கூட அச்சொட்டாக் காட்டுது, என்ன தொழில்நுட்பம்! மிச்ச வகுப்புகளுக்கும் ஒவ்வொரு ஸ்மார்ட் போர்ட் அனுப்பிறம், இண்டைக்கே அந்தப் பழைய கரும்பலகையளைக் கழட்டி எறியுங்கோ."