குதிரை கம்பவுண்டரின் கயிறு

பாகூர் கொம்யூனில் ஊர் ஊராகத் தேடினாலும் ஒரு குதிரை கிடைக்காத காலத்தில், நான் வாக்கப்பட்ட ஊரில் ஒரு குதிரை கம்பவுண்டர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சீமைக்குப் போய், குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். திரும்பி வந்ததும் குதிரைக்கு வழியில்லாமல் மாட்டுக்கு இறங்கினார். மாடுகள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்குப் பேர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை.

அவர் தோளில் எப்போதும் வரிசையாக முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று கிடக்கும். மாட்டின் நெஞ்சைச் சுற்றி அளந்து, எத்தனை முடிச்சு வருகிறதோ அதை வைத்து எடையைச் சொல்வார். எடைக்குத் தக்கபடிதான் பேதி உப்பு. பழக்கம் முற்றிப்போய், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரையும் ஓரக்கண்ணால் அளப்பார். “இவருக்கு ஆறு முடிச்சு வரும்” என்று முனகுவார். அந்த மனுஷர் அத்தோடு பாயசத்தை நிறுத்திவிடுவார்.

கல்யாணமாகி நான் அந்த ஊருக்குப் போனபோது, மதகடிப்பட்டிலிருந்து என்னோடு ஒரு எருமையும் வந்தது. அம்மா வீட்டுச் சீர் என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். மூன்றாம் மாதமே தீனி எடுக்காமல், அசைபோடாமல் நின்றது.

“மருமவளும் வாயத் தொறக்கல, எருமையும் வாயத் தொறக்கல. நல்ல வூட்லதான் பொண்ணெடுத்தோம்” என்றார் மாமியார்.

கம்பவுண்டர் வந்து கயிறு போட்டார். மூன்று ஆழாக்கு உப்பைக் கரைத்து, மூங்கில் குழாயில் ஊற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர் அவசரப்பட்டார்.

“மெதுவாப்பா. குதிரைக்கு வவுறு ஒண்ணு. இதுக்கு உள்ள நாலு அறை. மருந்து ஒவ்வொரு அறையா வழி கேட்டுக்கினு போவணும். நாளன்னிக்கு இன்னொரு தபா குடுத்தாத்தான் சரியாவும்.”

மறுநாள் பண்ணையார் வீட்டுக் காளைக்கும் வயிறு கெட்டது. எங்கள் குத்தகை நிலம் அவருடையது. காளைக்கு அழகு உண்டு, எடை இல்லை. கம்பவுண்டர் ஒன்றரை ஆழாக்கு அளந்தார்.

“அந்தக் குத்தகைக்காரன் எருமைக்கு இன்னா குடுத்த?” என்றார் பண்ணையார்.

“மூணுங்க.”

“என் காளைக்கு?”

“ஒன்றரை.”

“அவன் எருமையில பாதிதான் என் காளைன்றியா?”

“நான் சொல்லல. கயிறு சொல்லுது. மருந்து ஒடம்பப் பாத்துதாங்க, ஆளப் பாத்து இல்ல.”

ஊற்றுவதற்குள் கயிறு தெருவுக்கு வந்து விழுந்தது. பின்னாலேயே கம்பவுண்டரும் வந்தார். இனி இவரைத் தொழுவத்தில் சேர்ப்பவன் தன் நிலத்தில் கால் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார் பண்ணையார்.

மறுநாள் எருமை படுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் எருமையையும் நிலம் இருக்கும் திசையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்குப் போனேன். அந்த ஊரில் வெளி ஆளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“எரும எழுந்திருக்கலைங்க ஐயா. பண்ணையார் மனசு வெச்சாத்தான் நீங்க வர முடியும்.”

“அதுக்கு இன்னா செய்யச் சொல்ற? கயிறு பொய் சொல்லாதும்மா.”

“கயிறு சொல்ல வேணாங்க. நீங்க சொல்லுங்க.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். முடிச்சு எண்ணுகிறாரோ என்று கூடத் தோன்றியது. பிறகு ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு பண்ணையார் வீட்டுக்கு நடந்தார்.

“நேத்து கயிறு நழுவிடுச்சுங்க. காளைக்கு நாலு ஆழாக்கு. கரைச்சே கொண்டாந்துட்டேன்.”

“நாலா? மூணு போதாதா?” பண்ணையாருக்கே பயம் வந்துவிட்டது.

“ஒங்க காளைக்கு மூணு குடுத்தா அசிங்கமுங்க.”

பானையில் உப்பு ஒன்றரை ஆழாக்குதான், மீதி கஞ்சித்தண்ணீர். காளைக்கு ஊற்றுவதைப் பண்ணையார் நெஞ்சை நிமிர்த்தி நின்று பார்த்துவிட்டு, “போ, அந்த எருமையையும் பாரு” என்றார்.

கம்பவுண்டர் நேராக எங்கள் தொழுவத்துக்கு வந்தார். இரண்டாவது மருந்தை மெதுவாக, வழி கேட்டுக்கொண்டு போகும்படி ஊற்றினார்.

மறுநாள் காலை எருமை எழுந்து அசைபோட ஆரம்பித்தது. கம்பவுண்டர் எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் தாடை அசையும் போதெல்லாம் தன்னை அறியாமல் தன் தாடையையும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் மோர் கொண்டு போனேன். கூப்பிட மனம் வரவில்லை. அவராகத் திரும்பிப் பார்க்கும் வரை சொம்போடு நின்றுகொண்டிருந்தேன்.