பச்சை உடுப்புக்குள் ஒரு ராஜா

அன்புள்ள அக்கா ஷுஷானுக்கு,

கிளெண்டேலிலிருந்து தம்பி வருழான் எழுதுவது. ஃபிரெஸ்னோ வெயிலில் நீயும் அத்தானும் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ சிரிப்பாய், அதைக் கேட்கிற தெம்பு எனக்கில்லை. அதனால்தான் ஊருக்குத் திரும்புகிற உன் மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் ஹாலில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, "என் தம்பி நடிச்ச படம்" என்று என் மகள் நாசெலி அனுப்பிய படத்தைத் திரையில் காட்டப்போகிறாயாமே. உன் காலில் விழுகிறேன் அக்கா, காட்டாதே.

என் பெண் இங்கே சமுதாயக் கல்லூரியில் அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் படிப்பது உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி அரக்சியின் அண்ணன் கரேகினையும் தெரியும். அவன் மகன் பல் டாக்டருக்குப் படிக்கிறான் அல்லவா, அதனால் வாரம் தவறாமல் வந்து, "பொம்மைப் படிப்பு எந்த மட்டுல இருக்கு, மாப்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைத் தொடுவான். இந்த முறை பரீட்சைக்குப் பதிலாக ஒரு குட்டிப் படம் எடுக்க வேண்டுமாம். அதற்காக எங்கள் கராஜில் சுவர், தரை எல்லாவற்றிலும் பச்சைப் பெயின்ட்டை அடித்துவிட்டாள். ஏசி மெக்கானிக்காக நான் ஆயுசு முழுக்கச் சேர்த்த சாமான்கள் துணி துவைக்கும் அறைக்குள் போயின. அரக்சி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கார் தெருவுக்குப் போனது. தெருவிலிருந்து நகராட்சிக்காரன் இழுத்துக்கொண்டு போனான். போகட்டும், பிள்ளை படிப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், ஒருநாள் என் கையில் ஓர் உடுப்பைத் திணித்தாள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பச்சை. முகத்துக்கும் மூடி. "என்னடி இது, வெள்ளரிக்கா மாதிரி?" என்றேன். "அரண்மனை சமையக்கட்டுல நடக்கிற கதைப்பா. பச்சையா இருக்கிற இடத்துல எல்லாம் அப்புறமா வேற ஒண்ணு வந்துடும். நீ காபிப் பாத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நட, போதும்" என்றாள். அரண்மனை என்கிறாள், வேறொன்று வரும் என்கிறாள். நீயாக இருந்தால் என்ன நினைப்பாய்? ராஜ உடை வரும், தாடி வரும், கிரீடம் வரும் என்றுதானே நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் ஊர் யெரெவானில், நாடக மேடையில் பின்வரிசைச் சிப்பாயாகவே என் வாலிபம் போயிற்றே, அந்த ஏக்கத்தையெல்லாம் திரட்டி நடந்தேன். முகமூடிக்குள்ளே நிஜமாகவே அழுதேன், அக்கா. "அப்பா, நெஞ்சை நிமித்தாத, பாத்திரம் ஆடுது!" என்று கத்தினாள். "ராஜா கூன் போட்டா நடப்பான்?" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள். நானோ அன்றைக்கே கரேகினைக் கூப்பிட்டு, எனக்கு ராஜா வேஷம் என்று சொல்லித் தொலைத்தேன். உனக்கும் சொன்னேன்.

கல்லூரி அரங்கில் படம் போட்டார்கள். கரேகின் குடும்பத்தோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டான். விளக்கு அணைந்தது. அரண்மனைச் சமையலறை, கண்ணைப் பறித்தது. காபிப் பாத்திரம் தானாகப் பறந்து வந்தது. தானாகச் சாய்ந்து ஊற்றியது. நாற்காலி தானாக நகர்ந்தது. ராஜாவைக் காணோம். கரேகின் என் காதோரம் குனிந்து, "ராஜா இன்னும் குளிச்சிட்டிருக்காரா, மாப்ள?" என்றான். அதற்குள் திரையில் அரக்சி வந்தாள். ஆமாம், அரக்சிதான்! படப்பிடிப்பு நடுவில் பச்சை ஸ்வெட்டரும் தரை தொடும் பச்சைப் பாவாடையுமாகக் கராஜுக்குள் நுழைந்திருந்தாள் பார், அந்தத் துண்டை இவள் வெட்டாமல் வைத்துக்கொண்டாள். உடம்பே இல்லாமல் ஒரு தலை, இரண்டு கை, ஒரு தட்டு, நாலும் மிதந்து வந்து, "சாப்பிட வர்றியா, இல்ல குப்பையில கொட்டவா?" என்று கேட்டுவிட்டு மிதந்து போயின. மாதக்கணக்கில் என்னோடு பேசாதவள் அன்றைக்குப் பார்த்துத்தான் பேசியிருக்கிறாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. "என் தங்கச்சி!" என்று கரேகின் விசிலடித்தான். அதற்கு மேல் நான் திரையைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் நாசெலியைப் பிடித்தேன். "நான் எங்கடி?" "நீ தெரியாம இருக்கிறதுதான்ப்பா வேலையே! கண்ணு வீங்க வீங்க உக்காந்து உன்னை ஒவ்வொரு ஃபிரேமா அழிச்சிருக்கேன்." கேட்டாயா? நான் தோளில் தூக்கி வளர்த்த பெண், ஆசை ஆசையாக என்னை அழித்திருக்கிறாள். பள்ளியில் பிள்ளைகள் ரப்பரால் எழுத்தை அழிப்பார்கள். இங்கே பீஸ் கட்டி அப்பனை அழிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். கரேகின் இப்போது என்னைப் பார்த்தால் காலி நாற்காலிக்கு வணக்கம் வைக்கிறான். இந்த அழகில் ஃபிரெஸ்னோ சர்ச் முழுக்கவும் என்னைத் தேடிப் பார்த்து ஏமாற வேண்டுமா? மின்சாரம் போயிற்று என்று சொல், உனக்குக் காய்ச்சல் என்று சொல். படத்தை மட்டும் போடாதே.

உன் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
கண்ணுக்குத் தெரியாத உன் தம்பி,
வருழான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் நாசெலி வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். "கடைசிக் காட்சியை நீ பாக்கவே இல்லையாப்பா?" என்று லேப்டாப்பைத் திறந்தாள். அரண்மனைச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே இடது பக்கம், ஒரு நிழல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கையில் காபிப் பாத்திரம். முகமூடியின் முடிச்சு தலைமேல் கிரீடம் மாதிரியே நிற்கிறது. "டீச்சர் இதையும் அழிக்கச் சொன்னாங்க. மாட்டேன்னதுக்கு மார்க்கைக் குறைச்சுட்டாங்க. போகட்டும்ப்பா, உன்னை மொத்தமா அழிக்க எனக்கு மனசு வரல" என்றாள். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு அக்கா. ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போடு. அந்த இடம் வந்ததும் நிறுத்து, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும். கரேகினையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வை.