பாலத்தைத் தேடினால் கோழி வரும்

பல்கலைக்கழக நூலகத்தில் கட்டுரை தேடுவது மாணவர்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது என்ற செய்தி ஒருவழியாக மேலிடத்தின் காதுக்கு எட்டியது. கணினியில் தேடும் பக்கத்தில் ஆசிரியர், ஆண்டு, துறை என்று அத்தனை பெட்டிகள். மாணவர் நலன் கருதி 'தேடல் எளிமையாக்க உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. குழு கூடியது, டீ குடித்தது, ஒரு பெட்டியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கி எறிந்தது.

அப்புறமும் கட்டுரைகள் வந்து கொட்டின. எதைப் படிப்பது என்று பிள்ளைகள் திணறுவதைக் கண்டு குழு மனம் கசிந்தது. ஆகவே, அதிகம் பேர் திறந்த கட்டுரை ஒன்றை மட்டும் காட்டினால் போதும் என ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த வாரம் பார்த்துக் கால்நடைத் துறையில் பரீட்சை. அதிகம் பேர் திறந்திருந்தது, 'கோழிக் கொட்டகையில் காற்றோட்டம்'.

அதன்பின் எதைத் தேடினாலும் அதுதான் வந்தது. அது மட்டும் வந்ததால் எல்லோரும் அதையே திறந்தார்கள். எல்லோரும் திறந்ததால் மறுபடியும் அதுவே வந்தது. சட்டத் துறைக்கும் கோழி, சங்கீதத் துறைக்கும் கோழி.

பாலங்களில் விழும் விரிசலை வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தியும் இதில் மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் போச்சு. எந்த அளவு விரிசல் ஆபத்து என்று சொல்லும் ஒரு கட்டுரைதான் பாக்கி. அம்மாவோ அவளை இப்போதே 'டாக்டர்' என்று தெருவெல்லாம் சொல்லிவைத்ததில், பக்கத்து வீட்டு மாமா முழங்காலை நீட்டிக் காட்டத் தொடங்கிவிட்டார்.

நூலகத் தலைவரிடம் ஓடினாள்.

"சார், பாலம்னு தேடினா கோழி வருது!"

"வருதுல்ல? முன்னாடி எதுவுமே கிடைக்கலைன்னு நீங்கதானே புலம்புனீங்க?"

"எனக்கு வேண்டியது அது இல்லையே சார்."

"எல்லாரும் அதைத்தாம்மா திறக்கறாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் பிடிக்கல?"

"வேற எதுவும் வரலையே, எதைத் திறக்கறது?"

"பாத்தீங்களா, எவ்வளவு சுலபமா இருக்கு!"

வழிகாட்டிப் பேராசிரியர் இன்னும் தெளிவானவர். "பேசாம கோழியையே மேற்கோள் காட்டிடும்மா. தேர்வாளர் தேடினாலும் அதேதான் வரும்."

"பாலத்துக்கும் கோழிக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"ரெண்டுக்கும் காத்து வேணும்ல?"

அம்மாவை நினைத்தாள், எழுதிவிட்டாள்: பாலத்து விரிசல்கள் உண்மையில் காற்றோட்டத்துக்கான வழிகள். கோழிக் கொட்டகை ஆய்வும் இதையே உறுதி செய்கிறது.

தேர்வாளர் பூரித்துப்போனார். "ஆதாரத்தை நானே தேடிப் பார்த்தேன். கரெக்டா அதுவே வந்துச்சு!"

பட்டம் கிடைத்தது. அரசாங்கப் பாலத்துறை அந்த ஆய்வேட்டைப் படித்து ஆனந்தக் கூத்தாடியது. ஆற்றுப் பாலத்தின் விரிசலை அடைக்கும் வேலை உடனடியாக நிறுத்தப்பட்டது. விரிசல்களுக்குக் 'காற்று வழிகள்' என்று பெயர் சூட்டிப் பலகையும் வைத்தார்கள். நாமும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். தினமும் அதன்மேல்தான் வேலைக்குப் போய்வருகிறோம்.

டாக்டர் மட்டும் ஆற்றையே சுற்றிக்கொண்டு போகிறாள். ஏன் என்று கேட்டால், "எனக்கு அந்தக் காத்து ஒத்துக்காதுங்க" என்கிறாள்.